512-ல ஒண்ணு: கீ எக்ஸ்சேஞ்ச் கோடை மாத்தினதுல நாங்க மாட்டிக்கிட்ட கதை

ரெண்டு கம்ப்யூட்டர் பேச ஆரம்பிக்கும்போது ரெண்டுக்கும் மட்டும் தெரிஞ்ச ஒரு ரகசியத்தை, அதாவது ஷேர்ட் சீக்ரெட்டை, உருவாக்கறதுதான் கீ எக்ஸ்சேஞ்ச், அதுக்கு ஒரு லைப்ரரி எழுதறவங்க நாங்க. முதல்ல யூசர் ஒருத்தர் புகாரா போட்ட டிக்கெட்ல இருந்தே ஆரம்பிக்கிறேன். "ஒரே சர்வர், ஒரே க்ளையன்ட், எப்பவாவது ஒரு தடவை ஹோஸ்ட் கீ சிக்னேச்சர் தப்புன்னு சொல்லி கனெக்ஷன் அறுந்துடுது, உடனே திரும்பப் போட்டா ஒழுங்கா போகுது, நடுவுல யாராவது உக்காந்து ஒட்டுக்கேக்குறாங்களா?" பாவம், பயந்துதான் கேட்டிருந்தார். நான்தான் அந்த சர்வர்னு நிரூபிக்கப் போடற கையெழுத்து அது, அதுவே தப்புன்னு திரையில வந்தா எவனுக்கும் அதான் தோணும். நாங்க நெட்வொர்க்கைப் பாருங்க, டைம்அவுட்டைப் பாருங்க, நடுவுல இருக்கற ப்ராக்ஸியைப் பாருங்கன்னு அவரை ரெண்டு வாரம் சுத்த விட்டோம். தப்பு எங்ககிட்டதான் இருந்துச்சு, இன்னும் சரியா சொன்னா நான் எழுதின பன்னெண்டு வரியில இருந்துச்சு.

எங்க லைப்ரரி பெருசு இல்ல. உள்ள சி-ல கோர், மேல ரெண்டு மூணு மொழிக்கு ராப்பர். வெறும் எக்ஸ்25519 (கர்வ்25519ங்கற வளைவை வச்சுப் பண்ற கீ எக்ஸ்சேஞ்ச்) மட்டும் வேணும்னா அதை நேரா கூப்பிடலாம், எஸ்எஸ்எச் (தூரத்துல இருக்கற சர்வருக்குள்ள பாதுகாப்பா நுழையற வழி) மாதிரி ப்ரோட்டோகால் வேணும்னா அதுக்கு மேல ஒரு லேயர் இருக்கு. இருந்த எக்ஸ்25519 கோடு பழசு, எல்லாத்தையும் ஒரு பொதுவான பெரிய எண் மாட்யூல் வழியா ஓட்டினது, மெதுவா இருந்துச்சு, அதை விடப் பெரிய கவலை அது ரகசிய கீயைப் பொறுத்து ஓடற நேரம் மாறுமான்னு யாராலயும் உறுதியா சொல்ல முடியல. மாத்தியே ஆகணும்னு முடிவாச்சு.

எதை எடுக்கறது

கையில மூணு வழி இருந்துச்சு. ஒண்ணு, எங்க வேணா கம்பைல் ஆகற போர்ட்டபிள் சி கோடு, ஒவ்வொரு எண்ணையும் 26 பிட், 25 பிட்டுன்னு மாத்தி மாத்தி 10 துண்டா வெட்டி வச்சிருக்கற வகை. ரெண்டாவது, கையால எழுதின அசெம்ப்ளி, பென்ச்மார்க்ல பறக்கும். மூணாவது, கணித நிரூபணத்தோட ஜெனரேட் ஆன கோடு. ஃபியட்-க்ரிப்டோன்னு எம்ஐடி-ல இருந்து வந்தது, கோக்ங்கற நிரூபணக் கருவியில நிரூபிச்சு சி கோடா துப்பும், கூகுளோட க்ரிப்டோ லைப்ரரி போரிங்எஸ்எஸ்எல் அதைத்தான் எடுத்து வச்சிருக்கு. ஹேக்ல் ஸ்டார்னு இன்னொண்ணு, எஃப் ஸ்டார்ங்கற நிரூபண மொழியில எழுதினது, அதோட கர்வ்25519 கோடு 2017-ல வந்த ஃபயர்ஃபாக்ஸ் 57-லயே உள்ள போயிடுச்சு.

அசெம்ப்ளியைப் பாத்தா எனக்கு எப்பவும் வயித்துல ஒரு கலக்கம், காரணம் கேரி. பெரிய எண்ணைத் துண்டு துண்டா கூட்டும்போது ஒரு துண்டுல வழியறதை அடுத்த துண்டுக்குக் கொண்டு போகணும், அந்த ஒரு பிட்டை ஒரே ஒரு எடத்துல விட்டுட்டா கோடி தடவைக்கும் மேல ராண்டமா டெஸ்ட் பண்ணாலும் மாட்டாம இருக்கலாம், ஆனா தாக்கறவன் ராண்டமா வர மாட்டான்ல, அந்த எடத்தைத் தேடித்தான் வருவான். ஓபன்எஸ்எஸ்எல் லைப்ரரியோட 0.9.8ஜி-ல பி-256ங்கற இன்னொரு வளைவுக்கான மாடுலோ குறைக்கற கோடுல இப்படி ஒரு பக், அதை வச்சே சர்வரோட நிரந்தர ஈசிடிஎச் (வளைவை வச்சுப் பண்ற டிஃபி-ஹெல்மன் கீ எக்ஸ்சேஞ்ச்) கீயை எடுக்கலாம்னு ப்ரம்லியும் கூட்டாளிகளும் காட்டினாங்க. கோ மொழியோட பி-256 அசெம்ப்ளியில 2017-ல ஒரு கேரி பக் வெளிய வந்துச்சு, பாதுகாப்பு ஓட்டைப் பதிவுல எண் சிவிஇ-2017-8932, அடுத்த வருஷம் ஃபிலிப்போ வல்சோர்தாவும் ஷான் டெவ்லினும் அந்த ஒத்தை பிட்டை வச்சு முழு கீயையும் பிடுங்கிக் காட்டிட்டாங்க. இதெல்லாம் படிச்சவனுக்கு வேகம் மேல ஆசை வருமா? மேல போனா ஒரு ஹேண்ட்ஷேக்ல நேரம் போறது பெரும்பாலும் போக வர நெட்வொர்க்ல, இங்க சில மைக்ரோசெகண்ட் மிச்சம் பிடிச்சு எதுக்கு.

அதனால நிரூபணம் உள்ளதையே எடுத்தோம். எக்ஸ்25519-க்கான ஸ்பெக் ஆர்எஃப்சி 7748-ல இருக்கற டெஸ்ட் வெக்டர் (உள்ளீடும் அதுக்கு வரவேண்டிய விடையும்) எல்லாம் பாஸ், விடையையே அடுத்த உள்ளீடா போட்டு 10 லட்சம் தடவை சுத்தச் சொல்ற அந்த டெஸ்ட்டும் பாஸ், கூகுள்காரங்க வெளியிட்ட வைச்ப்ரூஃப் வெக்டர்களும் பாஸ். நமக்கு நாமே க்ளையன்ட்டாவும் சர்வராவும் லட்சக்கணக்குல ஓட்டினோம், ஒரு ஃபெயில் கிடையாது. நிம்மதியா ரிலீஸ் பண்ணோம், டிக்கெட் வந்துச்சு.

தேடின விதம்

லாக்ல முதல்ல கண்ல பட்டது, ஃபெயில் ஆகற எல்லா தடவையும் எதிர்ல இருக்கறது எங்க லைப்ரரி இல்ல, வேற யாரோ எழுதின சர்வர். இதை அன்னைக்கே கவனிச்சிருக்கணும். எங்களோட டெஸ்ட் எல்லாமே ரெண்டு பக்கமும் எங்க கோடு. ரெண்டு பக்கமும் ஒரே தப்பைப் பண்ணா ரெண்டும் ஒத்துப்போகும்ல, திருடனும் திருடனும் சேர்ந்து கணக்கு எழுதின மாதிரி, கணக்கு சரியாத்தான் வரும்.

வேற ஒரு சர்வரை எடுத்து வச்சு லூப்ல போட்டோம். 500 சொச்சத்துக்கு ஒண்ணு விழுந்துச்சு. ஃபெயில் ஆனப்போ மட்டும் ஷேர்ட் சீக்ரெட்டை டம்ப் பண்ற மாதிரி ஒரு டீபக் பில்ட் போட்டோம் (ரிலீஸ் பில்ட்ல இப்படி ஒரு வரி இருந்தா அவனைத் தூக்கி வெளிய போடணும், அது வேற). விழுந்ததெல்லாம் 00-ல ஆரம்பிச்சுச்சு. சரி, முன்னாடி வர்ற 00 பைட் ப்ரச்சனை, கிடைச்சிடுச்சுன்னு குதிச்சேன். உடனே பக்கத்துல இருந்த சீனியர், "அப்படின்னா 256-க்கு ஒண்ணுல்லடா விழணும், இது ஏன் பாதியா விழுது?"ன்னார். பதில் இல்ல. 00-ல ஆரம்பிச்சும் ஒழுங்கா போனதையும் டம்ப் பண்ணிப் பாத்தோம், அப்பதான் புரிஞ்சுச்சு.

விழுந்தது ஒண்ணு: 00 73 19 னு ஆரம்பம். போனது ஒண்ணு: 00 94 21 னு ஆரம்பம்.

எஸ்எஸ்எச்-ல பெரிய எண்ணை எழுத எம்பிஇன்ட்னு ஒரு வடிவம் இருக்கு, 2006-ல வந்த ஆர்எஃப்சி 4251-ல சொல்லியிருக்கு. விதி ரெண்டுதான். முன்னாடி தேவையில்லாத 00 இருக்கக் கூடாது. பாசிட்டிவ் எண்ணோட முதல் பிட் 1-ஆ இருந்தா, அதாவது முதல் பைட் ஹெக்ஸ்ல 80 இல்ல அதுக்கு மேல இருந்தா, நெகட்டிவ்னு நினைச்சுடாம இருக்க முன்னாடி ஒரு 00 சேக்கணும். இதுக்கெல்லாம் முன்னாடி நீளம் 4 பைட்ல.

இப்ப 00 73-ஐ எடுங்க. முன்னாடி இருக்கற 00 போயிடணும், மிச்சம் 73-ல ஆரம்பிக்குது, முதல் பிட் 0, அதனால நீளம் 31. நான் எழுதின கோடு ரெண்டாவது விதியை மட்டும் பாத்துச்சு, முதல் பிட் 1-ஆ, இல்லையே, அப்ப 32 பைட்டையும் அப்படியே எழுதுன்னு எழுதிடுச்சு. எதிர்ப் பக்கம் 31, நம்ம பக்கம் 32. இந்த மதிப்பு எக்ஸ்சேஞ்ச் ஹேஷுக்குள்ள (ரெண்டு பக்கமும் பேசினதைச் சுருக்கி எடுக்கற ஒரு எண்) போகுது, அந்த ஹேஷ் மேலதான் சர்வர் கையெழுத்துப் போடுது, ஹேஷே வேற வேற, அப்புறம் சிக்னேச்சர் எப்படி ஒத்துப்போகும். யூசருக்கு வந்த அந்தப் பயமுறுத்தற மெசேஜ் இங்க இருந்துதான்.

00 94-ல என்ன ஆகுது? சரியா எழுதறவன் 00-ஐ வெட்டறான், மிச்சம் 94-ல ஆரம்பிக்குது, முதல் பிட் 1, திரும்ப ஒரு 00 சேக்கறான், மொத்தம் 32. நான் வெட்டவும் இல்ல, சேக்கவும் இல்ல, எனக்கும் 32. அதிர்ஷ்டத்துல ரெண்டும் ஒண்ணு. அதனாலதான் 256-க்கு ஒண்ணுல பாதி தப்பிச்சு 512-க்கு ஒண்ணு விழுந்துச்சு, சதவீதத்துல போட்டா 0.195.

இந்த 0.2 எங்கயோ பாத்த மாதிரி இருக்கேன்னு தேடினா, எல்லாரும் பயன்படுத்தற எஸ்எஸ்எச் ப்ரோக்ராம் ஓபன்எஸ்எஸ்எச், அதோட 6.7 ரிலீஸ் நோட்ஸ். 2014-ல வந்த அவங்க 6.5, 6.6 ரெண்டுலயும் கர்வ்25519 எக்ஸ்சேஞ்ச் சுமார் 0.2 சதவீதம் ஃபெயில் ஆகும், ஸ்பெக்கை சரியா எழுதினவங்களோட பேசும்போது, அதனால அந்த வெர்ஷன் எதிர்ல வந்தா அந்த முறையையே அணைச்சுடறோம்னு எழுதி வச்சிருந்தாங்க. அவங்க எப்பவோ விழுந்த அதே குழியில நாங்க பின்னாடி போய் விழுந்திருக்கோம். படிச்சதும் கொஞ்சம் ஆறுதல், நிறைய வெக்கம்.

பழைய கோடுல ஏன் இது வரல? அது ஷேர்ட் சீக்ரெட்டைப் பெரிய எண்ணாவே திருப்பிக் குடுத்துச்சு, எம்பிஇன்ட் எழுதற பொதுவான ஃபங்ஷன் அதை வாங்கி தானா 00-ஐ வெட்டிடுச்சு. புதுசு 32 பைட் பஃபரா குடுத்துச்சு. அதைத் திரும்பப் பெரிய எண்ணாக்கி ஒரு மெமரி அலோகேஷன் வீணாக்குவானேன்னு நான் குறுக்கு வழியில நேரா எழுதினேன். 33 பைட் வர்ற கேஸ் பாதி தடவை வரும், அதை விட்டிருந்தா முதல் நாளே மாட்டியிருக்கும், அதனால அதை மட்டும் பாத்து எழுதினேன். கோக்-ல நிரூபிச்ச கோடு ஒரு பிட் கூட தப்பு பண்ணல.

ஒரு சின்ன விஷயம், இதுலயே நிறைய பேர் குழம்புவாங்க. எக்ஸ்25519 எண்ணை லிட்டில் எண்டியனா எழுதுது, கடைசி பைட்தான் பெரியது. எஸ்எஸ்எச் அதே 32 பைட்டை எதையும் திருப்பாம பிக் எண்டியனா படிக்குது, 2020-ல வந்த ஆர்எஃப்சி 8731 அப்படித்தான் சொல்லுது. இது பெரிய எண் தானே, முறைப்படி திருப்பிப் போடுவோம்னு நல்ல மனசோட எவனாவது திருப்பினா எதுவுமே ஒத்துப்போகாது. ஒரு வகையில அது நல்ல பக், முதல் கனெக்ஷன்லயே தெரிஞ்சுடும்.

ஒரே சீக்ரெட், வீட்டுக்கு வீடு வேற உருவம்

பக்கைத் திருத்தறது அரை மணி நேர வேலை. அதோட விட மனசில்லாம, வேற எங்கெல்லாம் ஷேர்ட் சீக்ரெட் கை மாறுதுன்னு உக்காந்து எழுதிப் பாத்தோம். டிஎல்எஸ்னா ப்ரவுசர் https-க்குப் பயன்படுத்தற ப்ரோட்டோகால், அதோட 1.2-ல வளைவு இல்லாத சாதாரண டிஃபி-ஹெல்மன்னா (டிஎச்) முன்னாடி இருக்கற 00-ஐ வெட்டணும். டிஎல்எஸ் 1.3-ல வெட்டக் கூடாது, ப்ரைமோட நீளத்துக்கு 00 போட்டு நிரப்பணும். ஈசிடிஎச்-னா ரெண்டுலயும் வெட்டக் கூடாது. எஸ்எஸ்எச்-ல மேல சொன்ன எம்பிஇன்ட். ஒரே வேலைக்கு இத்தனை வேஷம்.

வெட்டறதுல இன்னொரு ஆபத்தும் இருக்கு. 2020-ல ரக்கூன்னு ஒரு தாக்குதல் வந்துச்சு, டிஎல்எஸ் 1.2-ல 00 வெட்டினா ஹேஷுக்குள்ள போற நீளம் குறையும், நீளம் குறைஞ்சா நேரம் ஒரு துளி மாறும், சர்வர் அதே டிஎச் கீயைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினா அந்த நேரத்தை அளந்து அளந்தே சீக்ரெட்டைக் கணக்குப் போட்டு எடுக்கலாம். எம்பிஇன்ட்லயும் இந்தக் கசிவு இருக்குன்னு ஆர்எஃப்சி 8731-லயே ஒத்துக்கறாங்க, பழசோட ஒத்துப்போகணுமேன்னு விட்டுட்டோம்னு எழுதியிருக்காங்க. அதனால ஒவ்வொரு தடவையும் புதுக் கீதான்னு எங்க ஏபிஐ-லயே கட்டாயம் ஆக்கிட்டோம். கீயை சேமிச்சு வச்சுத் திரும்பப் போடற ஆப்ஷன் ஒண்ணு முன்ன இருந்துச்சு, யார் எதுக்கு வச்சாங்கன்னே தெரியல, தூக்கிட்டோம்.

இப்ப கோர் எப்பவும் ஒரே நீளத்துல பைட் மட்டும்தான் குடுக்கும். வெட்டறது நிரப்பறது எல்லாம் ப்ரோட்டோகால் லேயரோட வேலை, ஒவ்வொண்ணுக்கும் தனி ஃபங்ஷன், பேர்லயே எந்த ப்ரோட்டோகால்னு இருக்கும்.

இந்தச் சோதனையில இன்னொரு ஓட்டையும் கிடைச்சுச்சு, எனக்கு முதல் பக்கை விட இதான் தூக்கத்தைக் கெடுத்தது. கர்வ்25519-ல சில மோசமான பப்ளிக் கீ இருக்கு, அதை அனுப்பினா உன்னோட ப்ரைவேட் கீ எதுவா இருந்தாலும் விடை 32 பைட்டும் 00 தான். டிஎல்எஸ் 1.3-லயும் எஸ்எஸ்எச்-லயும் விடை முழுக்க 00-ஆ இருந்தா கனெக்ஷனை அறுத்தே ஆகணும்னு விதி, ஆனா அதைப் பாக்கறது யார் வேலைங்கறதுல ஒவ்வொரு இம்ப்ளிமென்டேஷனும் ஒரு மாதிரி. லிப்சோடியம் பாத்து -1 திருப்பும். கோ-வோட ஈசிடிஎச் பேக்கேஜ் எரர் தரும். சில கோடு எதையுமே திருப்பாது, கேட்டதைக் கணக்குப் போட்டேன், மிச்சம் உன் பாடுன்னு இருக்கும். நாங்க எடுத்தது எரர் திருப்பற வகை, பழசு திருப்பாத வகை, பழைய பழக்கத்துல எங்க ராப்பர் திரும்பி வந்ததை வாங்கிக் குப்பையில போட்டுக்கிட்டு இருந்துச்சு. வைச்ப்ரூஃப் டெஸ்ட்ல ஏன் மாட்டலன்னா, நாங்க அதைக் கோர் மேல ஓட்டினோம், ராப்பர் மேல ஓட்டல.

பி-256 பக்கம் இதே கதை இன்னும் மோசம். வர்ற புள்ளி வளைவு மேலதான் இருக்கான்னு பாக்காம விட்டா, கூட்டற ஃபார்முலாவுல வளைவோட பி-ங்கற எண்ணே வராதுங்கறதால கணக்கு வேற ஏதோ பலவீனமான வளைவுல ஜோரா நடந்துட்டே இருக்கும், தாக்கறவன் கொஞ்சம் கொஞ்சமா நிரந்தர ப்ரைவேட் கீயைச் சேத்துடுவான். 2015-லயும் நிஜ டிஎல்எஸ் லைப்ரரிகள்ல இது வேலை செஞ்சுச்சு. எங்களது சரியாத்தான் இருந்துச்சு, ராப்பர் மேலயும் ஓட்டிப் பாத்துட்டோம்.

எம்எல்-கெம் வந்தப்போ

அடுத்து குவாண்டம் கம்ப்யூட்டர் வந்தாலும் உடையக் கூடாதுன்னு பண்ண முறை. எம்எல்-கெம், அமெரிக்க அரசோட ஃபிப்ஸ் 203 ஸ்டாண்டர்ட், ஆகஸ்ட் 2024. இது டிஃபி-ஹெல்மன் உருவத்துலயே இல்ல. அங்க உன் ப்ரைவேட், என் பப்ளிக், ரெண்டு பக்கமும் ஒரே ஃபங்ஷன். இங்க ஒருத்தர் கீயை அனுப்புவார், இன்னொருத்தர் அதுல சீக்ரெட்டைப் பொதிஞ்சு அனுப்புவார், முதல் ஆள் பிரிப்பார். பழைய ஃபங்ஷனுக்குள்ளயே இதைத் திணிக்கப் பாத்து ஒரு வாரம் வீணாச்சு, கடைசியில தலைகீழா பண்ணோம், டிஃபி-ஹெல்மனையும் பொதியற-பிரிக்கற உருவத்துல எழுதினா அழகா உக்காந்துச்சு. சைஸும் வேற, எம்எல்-கெம்-768-ல கீ 1184 பைட், பதில் 1088 பைட், எக்ஸ்25519-ல ரெண்டும் 32. பஃபர் சைஸை எண்ணா எழுதி வச்சிருந்த எடமெல்லாம் ஒண்ணொண்ணா வெடிச்சுச்சு.

எதை எடுக்கறதுங்கற கேள்வி இங்க இன்னும் நுணுக்கம். 2023 கடைசியில கைபர்ஸ்லாஷ்னு ஒண்ணு (கைபர்ங்கறது எம்எல்-கெம்மோட பழைய பேர்), 3329-ஆல வகுக்கற எடத்துல சில ப்ராசசர்ல நேரம் ரகசியத்தைப் பொறுத்து மாறுச்சு, ரெஃபரன்ஸ் கோடுலயே இருந்த ப்ரச்சனை, அதை நம்பி எடுத்தவங்க எல்லாருக்கும் வந்துச்சு. 2024-ல இன்னொண்ணு, சி கோடுல கிளை எதுவும் இல்லாம ஒழுங்காத்தான் எழுதியிருக்கான், க்ளாங் கம்பைலர் சில ஆப்டிமைசேஷன்ல தானா ஒரு இஃப் சேத்து விட்டுச்சு. அதனால நாங்க இப்ப சோர்ஸை மட்டும் பாத்துத் தேர்ந்தெடுக்கறது இல்ல, நாங்க ஆதரிக்கற ஒவ்வொரு கம்பைலரும் துப்பின பைனரியைப் பாக்கறோம், எரிச்சலான வேலைதான்.

டிஎல்எஸ்-ல ரெண்டையும் சேத்து ஓட்டற எக்ஸ்25519எம்எல்கெம்768-ல ஒரு வேடிக்கை, பேர்ல எக்ஸ்25519 முன்னாடி, வயர்ல எம்எல்-கெம் பைட் முன்னாடி. அதே குடும்பத்துல பி-256 போட்டதுல பேர் வரிசையும் பைட் வரிசையும் ஒண்ணு. பேரைப் பாத்து எழுதினேன், எங்களுக்கும் எங்களுக்கும் ஜோரா ஓடுச்சு, வேற இம்ப்ளிமென்டேஷனோட ஓட்டினதும் உடனே விழுந்துச்சு. இந்தத் தடவை ரிலீஸுக்கு முன்னாடி. எஸ்எஸ்எச்-ல வந்த புது ஹைப்ரிட் முறையில ரெண்டு சீக்ரெட்டையும் சேத்து ஹேஷ் பண்ணி, அதை எம்பிஇன்ட்டா எழுதாம சாதா ஸ்ட்ரிங்கா, ஒரே நீளத்துல எழுதறாங்க. பாத்ததும் உயிர் வந்துச்சு.

திருத்தினதுக்கு அப்புறம்

512-ல ஒண்ணுக்காக டெஸ்ட் காத்துக்கிட்டு இருக்க முடியாதுல்ல, அதனால கீயைத் தேடிப் பிடிச்சோம். ப்ரைவேட் கீயை மாத்தி மாத்திப் போட்டு, விடை 00 73 மாதிரி வர்றது ஒண்ணு, 00 94 மாதிரி ஒண்ணு, 00 00-ல ஆரம்பிக்கறது ஒண்ணு. கடைசியதுக்கு சராசரியா 65,536 முயற்சி, கம்ப்யூட்டருக்கு சில செகண்ட். அந்த மூணு கீயும் இப்ப டெஸ்ட் ஃபைல்ல நிரந்தரமா இருக்கு.

ஆனா திருத்தின வெர்ஷனை வெளிய விடறதுக்கு முந்தின நாள் சீனியர் ஒரு கேள்வி கேட்டார். "ரெண்டு பக்கமும் நம்மளோட அந்த பக் இருக்கற வெர்ஷனையே வச்சிருக்கறவனுக்கு இதுவரைக்கும் ஒரு தடவை கூட விழல. நாளைக்கு ஒரு பக்கம் மட்டும் அப்டேட் பண்ணா?" ஆமா, அவனுக்குப் புதுசா 512-க்கு ஒண்ணு விழ ஆரம்பிக்கும், நாம சரி பண்ணதாலயே. ரெண்டு தப்பு ஒத்துப்போன எடத்துல ஒரு தப்பை எடுத்தா அதான் நடக்கும். ஓபன்எஸ்எஸ்எச் பண்ணதையே பண்ணோம். எஸ்எஸ்எச்-ல வெர்ஷன் ஸ்ட்ரிங்தான் முதல்ல வரும், முறைகளோட பட்டியலை அனுப்பறது அதுக்கு அப்புறம்தான். எதிர்ல வர்றது எங்களோட அந்த ஒரு கெட்ட ரிலீஸா இருந்தா கர்வ்25519-ஐ பட்டியல்ல இருந்து எடுத்துட்டு பி-256-க்கு இறங்கிடும்.

அந்த இஃப் இன்னும் கோடுல இருக்கு, பக்கத்துல என் பேர் போட்டு ஒரு கமென்ட்டும். போன மாசம் கூட லாக்ல ஒரு கனெக்ஷன் அந்த வழியா போயிருக்கு, எவனோ இன்னும் அப்டேட் பண்ணல.